அடைத்த அறையின் காற்று

மூன்றாம் மாடியின் மூலை அறை மட்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப் திரையை இன்னொரு முறை பார்த்தாள். மாடிகளின் மற்ற அறைகளெல்லாம் நல்ல பிள்ளைகளாக வெளிக்காற்றின் கரியமில வாயு அளவையே காட்டிக்கொண்டிருந்தன. நானூறு, நானூற்றுச் சொச்சம். ஆள் இல்லாத இடத்தில் காற்று அப்படித்தான் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்தால், அவர் விடும் மூச்சு சேரச் சேர அந்த எண் மெல்ல ஏறும். மூலை அறையில் அது ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

விடுமுறை நாள். கட்டடத்தில் இருந்ததே இரண்டு பேர்தான். ஒருத்தி அவள், அடித்தளத்துக் கன்ட்ரோல் ரூமில். இன்னொருவர் அவள் வீட்டுக்காரர், தரைத்தளத்து ரிசப்ஷன் சோபாவில்.

"சென்சார் மண்டையப் போட்டுடுச்சு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தத் தொழிலில் பார்க்கிற பேய்களில் பாதி, காலாவதியான சென்சார்கள்தான். மீதிப் பாதி, வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன புண்ணியவான்களின் கைங்கரியம்.

வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அலுவலகக் கட்டடம் அது. ஜன்னல்களுக்கெல்லாம் தகரம் அடித்திருந்தார்கள்; வெளியே பட்டப்பகல் என்று சத்தியம் செய்தாலும் உள்ளே நம்ப முடியாது. புதிதாக யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பழைய கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக் கொடுப்பது அவள் வேலை. உள்ளங்கை அளவுப் பெட்டி. ஒவ்வொரு அறையிலும் காற்றுக் குழாயிலும் இருக்கும் சென்சார்கள் சொல்வதையெல்லாம் அதுதான் கேட்டுக்கொள்ளும். விளக்குக்கும் விசிறிக்கும் ஏசிக்கும் கதவுப் பூட்டுக்கும் அதுதான் உத்தரவு போடும். சுவரில் திருகி, வயர்களைச் செருகி, பச்சை விளக்கு மினுக்கென்று எரிந்ததும் அவளுக்கு எப்போதும் ஒரு சின்னப் பெருமை வரும். இன்றைக்கும் வந்தது. அந்த மூலை அறை வந்து அதைக் கெடுத்துவிட்டது.

வீட்டுக்காரர் பேக்கரி வேன் ஓட்டுகிறார். ராத்திரி முழுக்க ரொட்டி இறக்கிவிட்டு, காலையில் அவளைக் கொண்டுவந்து விட்டவர், திரும்பிப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"வீட்டுல போய்த் தூங்குங்கன்னா கேக்குறீங்களா?"

"பூட்டிக் கிடந்த பில்டிங்ல உன்னத் தனியா விட்டுட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும், மேடம்?"

"நீங்க காவலாக்கும்! திருடன் வந்தா உங்களையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போவான். அப்பக்கூட முழிப்பு வராது."

"தூக்கட்டுமே. இந்த வெயிட்டுக்குப் பாதி வழியில போட்டுட்டு ஓடிடுவான்."

சிரித்துக்கொண்டே சோபாவில் சாய்ந்தவர், அவள் படியிறங்குவதற்குள் குறட்டைக்குப் போய்விட்டார். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அவள் வீடு திரும்புவாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நிதானமாகப் பார்ப்பது விடுமுறையில்தான். அதையும் தூங்கியே கழிக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கூட வந்தாரே என்று நெஞ்சுக்குள் இனிக்கவும் செய்தது.

மூலை அறையில் ஆயிரத்து இருநூறு.

இந்த மாதிரி எண் ஏறினால் தொழிலில் எல்லாரும் செய்வது ஒன்றுதான். காற்றுக் குழாய்க்குள் ஒரு தகட்டுக் கதவு இருக்கும், டேம்பர் என்பார்கள். அதைத் திறந்துவிட்டு எண் இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது, இறங்காவிட்டால் கழற்றிக் குப்பையில் போடலாம். அவளும் யோசிக்காமல் திற என்று அழுத்தினாள்.

எண் இறங்கியது. ஆனால் இறங்கவேண்டிய விதத்தில் இல்லை. காற்று கலைந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவேண்டும். இதுவோ ஒரே எட்டில் நானூறுக்கு வந்து நின்றது. அதே நேரம் மூன்றாம் மாடி நடைபாதைக் குழாயின் எண் துள்ளி ஆயிரத்து இருநூறு ஆனது.

யாரோ எழுந்து வெளியே வந்த மாதிரி.

அவள் உட்கார்ந்தபடியே நாற்காலியோடு நகர்ந்து கட்டட மேனேஜருக்குப் போன் செய்தாள். அடித்தளத்தில் மேசையின் ஒரு மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. குனிந்து காதை வைத்துக் கேட்கவேண்டியிருந்தது.

"சார், மூணாவது மாடி கார்னர் ரூம்ல ஏதாவது வேலை நடக்குதா?"

"கார்னர் ரூமா? அப்படி ஒரு ரூமே இப்ப இல்லியேம்மா. கதவ எடுத்துட்டு செங்கல் வச்சு அடைச்சாச்சு. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே."

"உள்ள சென்சார் இருக்கு சார். வேலை செய்யுது."



"காத்துக் குழாயையும் சேர்த்துத்தான் அடைச்சதா சொன்னாங்க" என்றார். "நீங்க எதையும் திறக்கலியே?"

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்பப் போட்டாள், போகவில்லை. திரையைப் பார்த்தாள். நடைபாதை நானூறு. இரண்டாம் மாடிக் குழாய் ஆயிரத்து இருநூறு.

மீட்டரை எடுத்து வயரைச் சோதித்துவிடலாம் என்று, கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த கருவிப் பையைத் தன் பக்கம் இழுத்தாள். கையை உள்ளே விட்ட பிறகுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டு, தாழ் விழும் சத்தம்.

"அட கடவுளே!"

காலையில் வந்ததும் எல்லாக் கதவுகளுக்கும் அவளே லேப்டாப்பில் கையால் 'மூடு' என்று உத்தரவு போட்டு வைத்திருந்தாள். சோதனை முடிகிறவரை கதவுகள் மாற்றி மாற்றித் திறந்து அலாரம் அடித்துத் தொலைக்காமல் இருக்க எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். செய்துவிட்டு, தான் இருக்கும் அறைக் கதவுக்கு மட்டும் ஒரு முட்டுக்கொடுத்துக்கொள்வார்கள். வெளியேறும் பொத்தான்களைப் புதிய கன்ட்ரோலரில் இன்னும் இணைக்கவில்லை. புத்தி எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அதற்கு என்ன, லேப்டாப் கையில் இருக்கிறது. திற என்று போட்டால் திறந்துவிட்டுப் போகிறது.

திற என்று போட்டாள். திறக்கவில்லை.

கதவுக்கு வரும் உத்தரவுகளுக்கு ஒரு படிவரிசை உண்டு. மேல்படியில் இருப்பவன் சொன்னால் கீழ்ப்படிக்காரன் சொல் எடுபடாது. அவள் கையால் போடும் உத்தரவு நடுப்படி. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் படி தீ எச்சரிக்கைப் பெட்டிக்கு மட்டும் உரியது. அந்தப் பெட்டியைப் பழுது பார்க்கக் கழற்றி அனுப்பியாயிற்று. அந்தப் படி காலியாக இருக்கவேண்டும்.

காலியாக இல்லை. அங்கே 'மூடு' என்று இருந்தது. ரிசப்ஷன் கதவுக்கும், வாசல் கதவுக்கும், அவள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் கதவுக்கும். போட்டது யார் என்ற இடத்தில் மூலை அறை என்று இருந்தது.

அவள் எழுந்து கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள். இரும்புக் கதவு. மின்சாரத்தைப் பிடுங்கினாலும் பூட்டியே கிடக்கும் பழைய ரகப் பூட்டு. தோளால் இடித்தாள், தோள்தான் வலித்தது.

தலைக்கு மேல், தகரக் குழாய் எங்கோ தூரத்தில் 'டொக்' என்றது. குளிரும்போது தகரம் அப்படிச் சத்தம் போடும், அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் ஏசி ஓடவில்லை. கொஞ்சம் கழித்து, கொஞ்சம் அருகில், இன்னொரு 'டொக்'. முழங்கால் ஊன்றி நகர்கிறவர்கள் அவ்வளவு நிதானமாகத்தான் நகர்வார்கள். முதல் மாடிக் குழாய் ஆயிரத்து முந்நூறு. ரிசப்ஷனுக்குப் போகும் கிளைக் குழாயை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கீழே வந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடுங்க. எடுங்களேன். என்ன தூக்கம் இது, கும்பகர்ணா!" மறுபடி போட்டாள். மறுபடியும்.

குழாயின் வாயிலிருந்து வாடை வந்தது. முதலில் ஈரச் சுண்ணாம்பு. பிறகு, இரவெல்லாம் மூடிக் கிடந்து விடிந்ததும் திறக்கும் வாயின் வாடை. வெதுவெதுப்பாக, அவள் பிடரிமேல், விட்டு விட்டு.

வந்தது. நின்றது. வந்தது.

கன்ட்ரோல் ரூம்: ஆயிரத்து அறுநூறு. அவள் ஒருத்தி விடும் மூச்சுக்கு அந்த எண் வராது. ஆயிரத்து எண்ணூறு. மேலே பார்க்கத் துணிவில்லை. குழாய் வாயின் சல்லடைத் தகட்டில் ஒரு திருகு தானாகச் சுழன்று, மேசையில் விழுந்து, உருண்டது. இரண்டாயிரம். இழுக்கிற மூச்சில் ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவளுக்கு முன்னால் வேறு யாரோ அந்தக் காற்றைக் குடித்து முடித்திருந்தார்கள்.

காற்றைத் தள்ளவேண்டும். இந்த அறையிலிருந்து வெளியே. விசிறி அவள் சொல் கேட்டது. ஆனால் தள்ளினால் போக இரண்டே வழி. ஒன்று மொட்டைமாடி. அதன் டேம்பருக்குத் திற என்று போட்டாள். துருப்பிடித்துக் கிடந்தது, அசையவில்லை. திரும்பப் போட்டாள். அசையவில்லை.

இன்னொன்று ரிசப்ஷன்.

அங்கே எண் ஐந்நூற்று ஐம்பது. பெரிய கூடத்தில் ஒரே ஒரு மனிதர் நிம்மதியாக விடும் மூச்சு.

மாட்டேன் என்றாள். வாய்விட்டே சொன்னாள். மாட்டேன், மாட்டேன், அவர் தூங்குகிறார்.

இரண்டாவது திருகு விழுந்தது.

வெறும் காற்றுதானே. பெரிய கூடம்தானே. கலைந்துபோய்விடும். சென்சார் கோளாறு. எல்லாமே சென்சார் கோளாறு. அவருக்கு ஒன்றும் ஆகாது. கண் இருண்டது. தலைமுடியை ஏதோ முகர்ந்தது.

அழுத்திவிட்டாள்.

விசிறி உறுமியது. தகரம் முழுக்க மடமடவென்று அதிர்ந்து, அந்தச் சத்தம் மேலே, மேலே போயிற்று. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து, நெஞ்சு நிறைய இழுத்து, இருமி, மறுபடி இழுத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிழைத்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதற்காக அவள் தன்னை மன்னிக்கப்போவதில்லை. மேசையைப் பிடித்து எழுந்து திரையைப் பார்த்தாள்.

ரிசப்ஷன்: இரண்டாயிரம்.

"ஏங்க!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். "ஏங்க, எழுந்திரிங்க!"

ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரம். எண் இறங்கியது. ஐந்நூற்று ஐம்பதில் நின்றுவிடும் என்று கைகூப்பினாள். நிற்கவில்லை. ஐந்நூறு. நானூற்று முப்பது.

நானூறு. ஆள் இல்லாத இடத்தின் காற்று.

போன் அதிர்ந்தது. அவர் பெயர் தெரிந்தது. எடுத்தாள்.

"என்ன மேடம், இத்தன தடவ கூப்பிட்டிருக்க?"

அவர் குரல்தான். தூங்கி எழுந்த கரகரப்புகூட அப்படியே இருந்தது. அவள் அழுதுவிட்டாள்.

"நீங்க... நல்லாத்தானே இருக்கீங்க? எங்க இருக்கீங்க?"

"இங்கதான். இரு, கீழ வர்றேன்."

திரையில் ஒரு கதவின் மேல்படி 'திற' என்று மாறியது. ரிசப்ஷன் கதவு திறந்தது. படிக்கட்டு விளக்குகள் எரியவேண்டும்; ஆளின் உடம்புச் சூடு பட்டால் எரியும் விளக்குகள் அவை. எரியவில்லை. இருட்டில் செருப்புச் சத்தம் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கியது. நடைபாதையில் யாருமில்லை என்று சென்சார் சொன்னது. செருப்புச் சத்தம் நடைபாதையைக் கடந்து வந்தது.

அவள் பின்னால் தாழ் விலகியது.

வாசலில் நின்றது அவர்தான். கசங்கிய சட்டை, கன்னத்தில் சோபாவின் தையல் தடம், அதே சிரிப்பு. உள்ளே வந்து, கதவைத் தன் முதுகால் சாத்தினார். தாழ் விழுந்தது.

"பயந்துட்டியா என்னத்துக்குப் பயம் நான்தான் கூடவே இருக்கேன்ல நல்ல தூக்கம் இப்படித் தூங்கி எத்தன காலமாச்சு தெரியுமா எவ்வளவு இடம் இங்க எவ்வளவு காத்து நீதான் திறந்துவிட்ட நீதான் அனுப்பின இனிமே உன்னத் தனியா விடமாட்டேன் இங்கயே இருக்கலாம் ரெண்டு பேரும் இங்கயே"

எங்காவது ஓரிடத்தில் நிறுத்துவார் என்று அவள் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தான்கள் ஏறவில்லை, இறங்கவில்லை. அவர் பேசிக்கொண்டே, ஒருமுறைகூட மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே, அவள் வாய்க்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.