கரண்ட் நிற்காத நாள்

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னால் கீழப்பழுவூரில் யாரும் முதலில் வருத்தப்பட மாட்டார்கள், சிரிப்பார்கள். ஆறாம் வகுப்புப் பூவிழியும் சிரித்தவள்தான். அரியலூரில் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் சசிகலா, பூனையின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சுகர்" என்றதும் அவளுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் சிரிக்கவில்லை. அம்மா ஜெயசித்ராவும் சிரிக்கவில்லை. பூவிழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூனையின் பெயர் கிளீனர். அப்பா தமிழழகன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். ஏழு வருடத்துக்கு முன்னால் லாரி சீட்டுக்கு அடியிலிருந்து 'மியாவ்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறி, அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டதாம் அந்தக் குட்டி. "நம்ம வண்டிக்குக் கிளீனர் கிடைச்சிட்டான்" என்று அப்பா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

அப்படிப்பட்ட கிளீனர், போன மாதத்திலிருந்து வாளித் தண்ணீரை விடாமல் குடித்தான். சாப்பிட்டுக்கொண்டே இளைத்தான். அப்பாவின் காக்கிச் சட்டைமேல் மூத்திரம் பெய்தான். ஒரே தாவலில் மதில்மேல் ஏறுகிறவன், இப்போது பின்னங்கால்களைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தான்.

"தினம் காலையில ஏழு மணி, சாயந்திரம் ஏழு மணி. சாப்பிட்டதும் ஊசி போடணும். சிரிஞ்சுல ஒரு கோடு அளவுதான். மருந்த ஃபிரிட்ஜ் கதவுல வைங்க" என்றார் டாக்டர். ஊசி போடுவது எப்படி என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மருந்துக் கடையில் ஒரு கூத்து நடந்தது.

"யாருக்கும்மா சுகர்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கிளீனருக்குங்க" என்றாள் பூவிழி.

"லாரி கிளீனரா? வயசு என்ன?"

"ஏழு."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு வயசுப் புள்ளயவா லாரியில வேலைக்கு வெச்சிருக்கீங்க?"

அம்மா அவசர அவசரமாக டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினாள்.

வீட்டில் அப்பாவுக்கு இது ஒத்துவரும் என்று தோன்றவில்லை. "ரெண்டு வேளை ஊசி, நேரத்துக்குச் சோறு. உங்கம்மா ஜெராக்ஸ் கடைக்குப் போவாளா, இதப் பாப்பாளா? நடக்கிற காரியமா பூவு?"

"நான் பாத்துக்குறேம்ப்பா! ஊசி மட்டும் அம்மா போடட்டும். சோறு, தண்ணி, மருந்த எடுக்கிறது, வைக்கிறது எல்லாம் நான்."

"பாக்குறேன். ஒரு தப்பு நடந்தாலும் எல்லாத்தையும் நிறுத்திப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிடப் போய்விட்டார்.

பூவிழி நன்றாகவே பார்த்துக்கொண்டாள். டாக்டர் சொன்னபடி, கிளீனர் தினமும் எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறான் என்று ஒரு நோட்டில் எழுதினாள். முதல் நாள் ஐந்து. நான்காம் நாள் மூன்றரை. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள்தான் அந்த வினை வந்தது.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை கரண்ட் இருக்காது என்று முதல் நாளே எல்லோர் போனுக்கும் செய்தி வந்துவிட்டது. அம்மா வழக்கம்போலப் பால் பாக்கெட்டையும் தோசைமாவையும் தூக்கி ஃபிரிட்ஜின் ஃப்ரீசருக்குள் வைத்தாள். கரண்ட் நின்றாலும் அங்கே குளிர்ச்சி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

அம்மா வேலைக்குக் கிளம்பியதும் பூவிழி யோசித்தாள். பாலுக்கும் மாவுக்கும் இருக்கிற பாதுகாப்பு மருந்துக்கு வேண்டாமா? கதவிலிருந்த பாட்டிலை எடுத்துப் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து வழியெல்லாம் அவளுக்குப் பெருமை.

அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் நிற்கவே இல்லை. பராமரிப்பைத் தள்ளிவைத்துவிட்டார்களாம்.

சாயந்திரம் வந்து பாட்டிலை எடுத்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. கல்லாக உறைந்திருந்தது.

பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். குளிர் தாங்காமல் குதித்தாள். கிளீனர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆறு மணிக்குள் எல்லாம் உருகிவிட்டது. பார்க்க முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது. மறுபடி கதவில் வைத்துவிட்டாள்.

அம்மா வந்து ஃப்ரீசரைத் திறந்தாள். "அடக் கொடுமையே! கரண்ட் நிக்கும்னு மாவ உள்ள வெச்சேன், கல்லாப் போச்சு பாரு. இத வெச்சு தோசை சுடுறதா, செவுரு கட்டுறதா?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மருந்தும் அப்படித்தான் ஆனது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பூவிழி வாயைத் திறந்தாள். ஒரு தப்பு நடந்தாலும் நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். நன்றாக இல்லாத சிரிப்பு.

அம்மா ஊசி போட்டு முடித்ததும் பூவிழி மருந்துப் பெட்டியை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து, அகராதியைப் புரட்டினாள். 'உறைய விடாதே' என்று அர்த்தம்.

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

நாளைக்கும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது?

நோட்டில் மூன்றரை டம்ளர் நாலரை ஆனது. பிறகு ஐந்து ஆனது. முதல் வாரம் முடிந்து டாக்டரிடம் போனபோது, "பரவாயில்ல, ரெண்டு கோடா ஏத்துவோம்" என்றார் டாக்டர். இரண்டுக்கும் கேட்கவில்லை. வாசலைத் தாண்டவே கிளீனர் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தான்.

இதெல்லாம் போதாதென்று எல்லோரும் அவளைப் பாராட்டித் தொலைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் மாமாவும் சுகருக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "எம் மவன் எனக்கு ஒரு மாத்திரை எடுத்துத் தர மாட்டேங்குறான். நீ பூனைக்கு இவ்வளவு செய்யுற. தங்கமான புள்ள!" என்றார்.

பூவிழிக்கு அழுகை வந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தங்கமும் இல்லை, தகரமும் இல்லை, பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஏழு மணியும் அவளுக்குத் தண்டனையாக இருந்தது. அம்மா கழுத்துத் தோலைப் பிடித்து ஊசியைக் குத்துவாள். கிளீனர் ஒருமுறை சிலிர்ப்பான், அவ்வளவுதான். கடிக்க மாட்டான், பிறாண்ட மாட்டான். முடிந்ததும் பூவிழியின் மடியில் முகத்தைத் தேய்ப்பான். அவன் பிறாண்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் முடிந்ததும் மறுபடி டாக்டரிடம் போனார்கள். டாக்டர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கே. வெரிகுட்! ஆனா மருந்து ஏன் கேக்கலன்னுதான் தெரியல. ஃபிரிட்ஜ் கதவுலதானே வைக்கிறீங்க?"

"ஆமாங்க மேடம். எம் பொண்ணுதான் அதெல்லாம் பாத்துக்குது" என்றாள் அம்மா.

டாக்டர் பூவிழியைப் பார்த்தார். பூவிழி தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையை நிமிர்த்த முடியவில்லை. பஸ்ஸிலும் அவள் குனிந்தபடியேதான் வந்தாள்.

"மூணு கோடு போடுங்க. இவன் எடைக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி. ஊசி போட்டப்புறம் தள்ளாடினா, மயங்கினா உடனே போன் பண்ணுங்க. சுகர் ரொம்ப இறங்கிட்டா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கிளீனர் தள்ளாடவில்லை. மூன்று கோட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திறந்து இருபத்தெட்டு நாள் ஆனால் அந்தப் பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் சாயந்திரம் அப்பா புதுப் பாட்டிலோடு வந்தார். பூவிழிக்கு அப்பாடா என்றிருந்தது. கெட்டுப்போனது குப்பைக்குப் போய்விடும். கிளீனர் தேறிவிடுவான். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை!

மணி ஏழு. கிளீனர் தட்டை நக்கி முடித்தான். அம்மா புதுப் பாட்டிலிலிருந்து மருந்தை இழுத்தாள். ஒரு கோடு. இரண்டு. மூன்று.

பூவிழி அந்த மூன்றாவது கோட்டையே பார்த்தாள். பழைய மருந்து செத்த மருந்து. அதில் மூன்று போட்டாலும் முப்பது போட்டாலும் ஒன்றுதான். ஆனால் இது உயிருள்ள மருந்து. இதில் மூன்று என்றால் நிஜமான மூன்று.

அம்மா கழுத்துத் தோலைப் பிடித்தாள்.

"அம்மா, போடாத!"

"என்னடி? பயந்தே போயிட்டேன்."

"மூணு போடாதம்மா. செத்துப்போயிடுவான்." பூவிழி கிளீனரை அம்மா கையிலிருந்து இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "பழைய மருந்து கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்துட்டேன். அன்னிக்குக் கரண்ட் நிக்கல இல்ல, மாவு கல்லாச்சே, மருந்தயும் உள்ள வெச்சிருந்தேன். உருக வெச்சுட்டு யாருகிட்டயும் சொல்லல. டாக்டர் கேட்டப்பகூடச் சொல்லல."

அம்மா சிரிஞ்சைக் கீழே வைத்தாள். விரல்விட்டு எண்ணினாள். "இருபத்தி நாலு நாளா?"

"நாப்பத்தெட்டு ஊசிம்மா. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."

"நாப்பத்தெட்டு தடவ வாயில்லாத ஜீவன வெறும் தண்ணியாலயா குத்தியிருக்கேன்?" அம்மாவின் குரல் உடைந்தது. திட்டியிருந்தால் பூவிழி தாங்கியிருப்பாள். அம்மா அழுததைத்தான் தாங்க முடியவில்லை.

கால் கழுவிவிட்டு வந்த அப்பா வாசற்படியிலேயே நின்றார். "ஏன் பூவு சொல்லல? நான் அன்னிக்கு நிறுத்திப்புடுவேன்னு சொன்னதாலயா?"

பூவிழி ஆமாம் என்று தலையசைத்தாள்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் ஈரம் இல்லாதபோதும் துடைத்துக்கொண்டே இருந்தார். "அது ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன்டா" என்றார்.

அம்மா டாக்டருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பூவிழியிடமே போனைக் கொடுக்கச் சொன்னார்.

"ஊசி போட்டாச்சா?"

"இல்லங்க மேடம். போட விடாம புடிச்சுட்டேன்."

டாக்டர் பெருமூச்சு விடுவது போனில் கேட்டது. "புது மருந்துல மூணு போயிருந்தா விடியறதுக்குள்ள அவன் இருந்திருக்க மாட்டான். ஒண்ணு மட்டும் போடச் சொல்லு. முதல்ல இருந்து ஆரம்பிப்போம். காலையில கூட்டிட்டு வாங்க. எனக்கு உம்மேல கோவம் இருக்கு. ரெண்டு திட்டு திட்டணும், வந்து வாங்கிக்கோ. இப்ப போய்ச் சாப்பிடு."

மறுநாள் போனாள். டாக்டரிடம் பொய்யாகத் தலையாட்டியதற்கு ஒரு திட்டு கிடைத்தது. அதற்குள் யாரோ ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வர, டாக்டர் இரண்டாவது திட்டை மறந்துவிட்டார்.

"மேடம், இன்னொண்ணு பாக்கி இருக்கு" என்று பூவிழிதான் ஞாபகப்படுத்தினாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். பூவிழிக்குச் சிரிப்பு வரவில்லை. கிளீனரின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஒரு வாரம் போனது. தண்ணீர் மூன்று டம்ளருக்கு இறங்கியது. கால் சரியாக இன்னும் நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் கிளீனர் வாசல்வரை உட்காராமல் நடந்தான்.

பூவிழி மட்டும் அந்த ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் அளந்தாள், நோட்டில் எழுதினாள். மருந்து பாட்டிலை அம்மாதான் எடுத்தாள், அம்மாதான் வைத்தாள்.

ஒரு நாள் சாயந்திரம் ஊசி போட்டு முடித்ததும் அம்மா பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

"கொண்டுபோய் வை."

பூவிழி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்மா. நீயே வை."

"எனக்கு வேற வேலை இல்லையா?" அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் பாட்டிலை வைத்து மூடினாள். "இத எங்க வைக்கக் கூடாதுன்னு இந்த வூட்டுலயே உனக்குத்தான்டி நல்லாத் தெரியும்."