மாற்றிக்கொண்ட ஐந்து சொற்கள்

மார்ச் 14, வியாழன்

பிழை என்னுடையது. ஒன்பது நாட்களுக்கு முன்பே இந்த நாட்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை, நினைவாற்றலைச் சோதிக்க நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். அதில் ஐந்து சொற்கள்: பாலம், குடை, ஊசி, மூங்கில், கதவு. பக்கத்தில் ஒன்பதாம் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர். அவருக்கும் மறுநாள்தான் அறுவை. அவர் தாளில் இருந்தவை உப்பு, ஏணி, பட்டு, கிணறு, மணல்.

அப்பா முப்பது வருடம் தபால் நிலையத்தில் தெருவாரியாகத் தபால் பிரித்தவர். ஒரு தெருவைச் சொன்னால் வீட்டு எண்களை வரிசையாக ஒப்பிப்பார். இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று கேலி செய்தார். ஓட்டுநர் எப்போதும் செய்வதுபோல் நாக்கைச் சொடுக்கிவிட்டுக் கரகரத்த குரலில் சொன்னார்:

"அண்ணே, உங்களத நான் வச்சுக்கிறேன், என்னோடத நீங்க வச்சுக்கங்க. மறந்தவனுக்கு மத்தவன் எடுத்துக் கொடுக்கணும்."

சோதனை கெட்டுவிடும் என்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை. பயந்துபோயிருந்த இருவரும் அப்போதுதான் சிரித்தார்கள்.

ஓட்டுநர் அறுவை முடிந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். காலிக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள்.

அப்பா கண் விழித்தார், ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. அறுவைக்குப் பின் உடம்பெங்கும் அழற்சி கிளம்பும், சிலருக்கு அது மூளையையும் தொட்டுவிடும் என்றார் டாக்டர். தெளிய வாரங்கள் ஆகலாம், தெளியாமலும் போகலாம். தினமும் மாலை ஐந்து மணிக்குச் சொற்களைக் கேட்டுக் குறித்துவைக்கச் சொன்னார்.

ஆறு நாள் கேட்டேன். ஆறு நாளும் அப்பா நாக்கைச் சொடுக்கிவிட்டு, உப்பு, ஏணி, பட்டு, கிணறு, மணல் என்றார். தன்னுடையதில் ஒன்றுகூட வரவில்லை. ஆறு பூஜ்யங்கள் குறித்தேன்.

நாக்கைச் சொடுக்குவது அப்பாவின் பழக்கமே இல்லை. அதை நேற்றுதான் கவனித்தேன்.

இன்று வார்டில் தைல வாசனை அடித்தது. ஓட்டுநர் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம். என் மாலை வகுப்புக்கு நேரமாகிறதென்று அவசரமாகச் சொற்களைக் கேட்டேன்.

அப்பா திரையின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"பாலம்."

மறுபடி சாய்த்தார்.

"குடை."

ஒவ்வொன்றாக ஐந்தும் வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளில் ஐந்து என்று எழுதினேன். எப்படி ஞாபகம் வந்தது என்று கேட்டேன்.

"அவர்தான் எடுத்துக் கொடுத்தாருங்க," என்றார் அப்பா, மெல்ல. "சும்மா இல்லைங்க. பதிலுக்கு ஒரு பேரு கேட்டாரு. என் பொண்ணு பேரு. கொடுத்துட்டேன்."

தபால் கவுண்டருக்கு வந்த முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கும் மரியாதையோடு என்னைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டேன்.

யோசித்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு நாக்கு சொடுக்கியது.

பிறகு, அப்பா மட்டுமே என்னைக் கூப்பிடும் செல்லப்பெயர்.

கரகரத்த குரலில்.

நான் திரையை விலக்கிப் பார்க்கவில்லை. அதையும் பிழையாகவே குறிக்கிறேன்.

நாளைய வேலை: மாலை ஐந்து மணிக்கு இருவருக்குமாக இரண்டு தாள்கள் கொண்டுபோக வேண்டும். முதலில் ஒன்பதாம் கட்டிலில் கேட்க வேண்டும்.