திருட்டுப் பிரதியில் ஒரு கூடுதல் வசனம்

மூன்றாவது மாடிப் பெண் படியிறங்கி வந்த செருப்புச் சத்தத்திலேயே ரேடியோவுக்குத் தெரிந்துவிட்டது, வருகிறவள் நல்ல சேதியோடு வரவில்லை என்று. கையிலிருந்த ரவிக்கையை மிஷினில் பாதித் தையலோடு விட்டுவிட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள். ரவிக்கைக்காரி அதை நம்பிக் கல்யாணத்துக்குப் போக வேண்டியவள். ஆனால் கல்யாணம் எங்கும் ஓடிவிடாது. சேதி ஓடிவிடும்.

ரேடியோ என்பது கட்டடத்தார் வைத்த பெயர். அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. எதிர்வீட்டுச் சர்வேயர் மட்டும் அவளை மரியாதையாக 'டெய்லரம்மா' என்பார். இன்சூரன்ஸ் கம்பெனியில் தீப்பிடித்த கடைகளைப் பார்வையிட்டு ஓய்வு பெற்றவர். எரிந்தது எது என்பதைவிட எரியாமல் தப்பியது எது என்று பார்ப்பவர். அந்தக் கண்ணுக்காகவே அவரிடம் வம்பு வழக்குகள் வந்து சேரும். வரும்போதெல்லாம் ரேடியோவும் ஒரு தம்ளர் காபியைச் சாக்கு வைத்து உள்ளே நுழைந்துவிடுவாள்.

அன்றும் நுழைந்தாள்.

"என் படம் வெளியாயிருச்சு சார்," என்றாள் மூன்றாவது மாடிப் பெண். "வெள்ளிக்கிழமைதான் வரணும். போன்ல காசு கட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கம்பெனி வாங்கியிருக்கு. திங்கட்கிழமையே எவனோ திருட்டுத்தனமா நெட்ல விட்டுட்டான். நடிச்சவங்க, விளக்குப் பிடிச்சவங்க எல்லாரும் சம்பளம் வாங்காம, படம் ஓடினா பங்குன்னு வேலை செஞ்சவங்க. இன்னைக்குச் சாயங்காலம் கம்பெனிக்காரங்க பேசுவாங்க. உள்ளாள் வேலைன்னு தெரிஞ்சா ஒப்பந்தம் ரத்து."

"உள்ளாள் யாருன்னு நினைக்கிறீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "என் தம்பி. படத்தொகுப்பு அவன்தான். அப்பா சாகிற காட்சியில ஒரு பெரிய மௌனம் வெச்சிருக்கேன். 'தூக்கம் வருதுக்கா, வெட்டு'ன்னு பெரிய சண்டை போட்டான். அந்தக் கோபம்னு… வீட்டை விட்டுப் போடான்னு சொல்லிட்டேன். இசை போட்டவர் வீட்ல படுத்திருக்கான்."

"உங்க தம்பிகிட்ட மூலப்படமே இருக்கே. வெளியில வந்தது எப்படி இருக்கு?"

"டிவியில ஓடறதைப் போன்ல எடுத்த மாதிரி இருக்குதாம். மாட்டாம இருக்கத்தான் அப்படி எடுத்திருப்பான்னு செக்ரட்டரி சார் சொன்னாரு. 'உள்ளாள் இல்லாம இது நடக்காதும்மா'ன்னு அவர்தான் முதல்ல எடுத்துச் சொன்னாரு."

"இருக்குதாம்னா? நீங்க பார்க்கலையா?"

"என் பிள்ளையைக் கடத்தினவன் அனுப்பற போட்டோவை நான் பார்க்கணுமா சார்? எங்க ஆளுங்க ஒருத்தரும் பார்க்கலை. பார்க்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம்."

முன்னோட்டமாகப் பார்க்க நாலு பேருக்கு மட்டும் லிங்க் போயிருந்தது. தம்பி, இசையமைப்பாளர், ஒரு விமர்சகர், பிறகு படப்பிடிப்புக்கு மொட்டைமாடியையும் லிஃப்டையும் தந்ததற்கு நன்றியாக முதல் மாடி அசோசியேஷன் செக்ரட்டரி. அந்த லிங்க் ஒரே ஒரு போனில்தான் திறக்கும். வேறொருவருக்கு அனுப்பினால் செல்லாது. செக்ரட்டரி இன்னும் திறக்கவே இல்லையாம். "வெள்ளிக்கிழமை காசு குடுத்தே பார்க்கிறேம்மா, அதுதானே மரியாதை" என்றாராம்.

"பாவம்," என்று உச்சுக் கொட்டினாள் ரேடியோ. "ஜன்னலோரம் அந்தப் பொண்ணு அப்படியே நிக்கிறப்ப யாருக்குத்தான் அழுகை வராது? அதைப் போயி வெட்டச் சொன்னானா உன் தம்பி?"

சர்வேயர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

மூன்றாவது மாடிப் பெண் போனதும் ரேடியோ தன் சந்தேகங்களைக் கடை பரப்பினாள். இசையமைப்பாளரிடம் இரண்டு போன் இருக்கிறது, ஒரு போன் போதாதவனை எப்படி நம்புவது? விமர்சகர் சிரிக்கும்போது கண் சிரிப்பதில்லை. ஏன், விளம்பரத்துக்காக அந்தப் பெண்ணே விட்டிருக்கக் கூடாதா? இந்தக் காலத்தில் யாரை நம்புவது சார்?

"உங்களை நம்பலாமா டெய்லரம்மா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க!"

"இன்னும் வெளிவராத படம். நீங்க நடிக்கலை. உங்களுக்கு லிங்க் வரலை. அந்தப் பொண்ணு ஜன்னலோரம் நிக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரேடியோ கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவி உருவிப் பார்த்தாள்.

"கட்டடத்துல பாதிப் பேர் பார்த்தாச்சு சார். நான் மட்டுமா?" என்றாள் கடைசியில். "கடலை வாங்கினாக்கூடக் காசு கேட்பான். இது சும்மா போனுக்கு வருது. யாரு வேணாம்பா?"

"நான் திட்டலை. உங்களை மாதிரிப் பார்த்தவங்கதான் எனக்கு வேணும். யோக்கியமானவங்க யாரும் பார்க்கலையே! ஏதாவது விசேஷமா இருந்துச்சா?"

அவள் முகத்தில் வெட்கமும் பெருமையும் மாறி மாறி வந்தன. "சொன்னா சிரிக்கக் கூடாது. அந்தச் சாவுக் காட்சியில… என் குரல் வருது சார்."

சர்வேயர் சிரிக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டார். அவள் காட்டிய இடத்தில் படம் லேசாக ஆடியது. ஒரு பெண் ஜன்னலைப் பார்த்து நிற்கிறாள். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு எங்கோ தூரத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல: 'மேல போயிருச்சு! கீழ வரவே மாட்டேங்குது!' அதையடுத்துச் சிறியதாக ஒரு கிலுகிலு. அப்புறம் பழைய மௌனம்.

"கீழே கருத்துப் போட்டிருக்காங்க பாருங்க," என்றாள் ரேடியோ. "ஆன்மா மேலே போனால் திரும்பாது என்பதை ஒரே வரியில் சொன்ன டைரக்டருக்கு வணக்கமாம். ஆயிரம் பேர் கைதட்டியிருக்காங்க."

"இது எப்பக் கத்தினது?"

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லிஃப்டு நாலாவது மாடிக்கும் மொட்டைமாடிக்கும் நடுவுல நின்னுருச்சு. மேல லிஃப்டு மோட்டார் ரூம் சாவி செக்ரட்டரிகிட்டதானே இருக்கு? அதான் லிஃப்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, கீழ அவர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். மனுஷன் ஆடி அசைஞ்சு வந்து, குளிச்சிட்டிருந்தேன்னாரு. தலையில ஒரு சொட்டுத் தண்ணியில்லை! அன்னைக்கே நாலு பேர்கிட்ட சொன்னேன்."

"உள்ள யார் மாட்டிக்கிட்டது?"

ரேடியோ சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. "ஐயையோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு நாளா இதை மடியில கட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க," என்றார் சர்வேயர், கோபமில்லாமல். அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. "சாயங்காலம் எல்லாரையும் மேலே வரச் சொல்லுங்க. ஊரைக் கூட்டறது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே."

மூன்றாவது மாடி வீட்டுக் கூடத்தின் சுவர்களில் சத்தம் உறிஞ்சும் பஞ்சு ஒட்டியிருந்தது. அதில் பேசினால் ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாக, குற்றம் சாட்டுவது போல ஒலித்தது. இசையமைப்பாளரோடு வந்த தம்பி, அக்காவின் பக்கம் திரும்பாமல் கதவோரம் நின்றான். விமர்சகர் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். செக்ரட்டரி கடைசியாக வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவர் இடுப்புச் சாவிக்கொத்து வந்தது. வண்டிமாடு வருவது போல அந்தச் சத்தத்தை வைத்தே கட்டடம் அவரை அடையாளம் காணும்.

"சீக்கிரம் முடிங்க சார்," என்றார் செக்ரட்டரி. "வீட்டுக்குள்ளேயே திருடனை வெச்சுக்கிட்டு வெளியில தேடினா எப்படி?"

தம்பி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சர்வேயர் விமர்சகரிடம் திரும்பினார். "நீங்க படிச்சவர், நாலு படம் பார்த்தவர். இந்தப் படத்துல உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?"

"சந்தேகமென்ன? அப்பா இறக்கும் காட்சி!" விமர்சகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த நிசப்தத்துக்கு நடுவில் ஒரு அசரீரி. 'மேல போயிருச்சு, கீழ வரவே மாட்டேங்குது.' உடனே ஒரு கிலுகிலுப்பைச் சத்தம். இறப்புக்குப் பக்கத்திலேயே பிறப்பு! நான் எழுந்து நின்றுவிட்டேன்."

"எந்த அசரீரி?" என்றாள் மூன்றாவது மாடிப் பெண்.

"அந்த இடத்துல ஒரு தந்திக் கம்பிகூட நான் மீட்டலையே," என்றார் இசையமைப்பாளர். "மீட்ட விட்டாத்தானே இவங்க?"

விமர்சகரின் நிமிர்வு கொஞ்சம் தளர்ந்தது. "அது… லிங்க் ஏதோ பாஸ்வேர்டு கேட்டது. வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பிரதி சுலபமாகக் கிடைத்தது. ஒரு அவசரத்துக்கு…"

"உங்களுக்கு ஓசியிலேயே குடுத்தேனே! அதையும் திருடித்தான் பார்க்கணுமா?" என்றாள் அவள்.

"விடுங்க, அவர் திருடினவர் இல்லை," என்றார் சர்வேயர். "எடுத்தவனா இருந்தா, அது பக்கத்துல யாரோ கத்தினதுன்னு தெரிஞ்சிருக்கும். அசரீரின்னு கும்பிட்டிருக்க மாட்டார்." ரேடியோவின் போனை மேஜைமேல் வைத்து, அந்த இடத்தை ஓட விட்டார்.

'மேல போயிருச்சு! கீழ வரவே மாட்டேங்குது!'

எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் ரேடியோவின் பக்கம் திரும்பின. தம்பி கதவோரத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தான்.

"அக்கா! இது அன்னைக்கு நான்… நான்தான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருந்தேன்!"

"ஆமா," என்றார் சர்வேயர். "படத்தை எடுத்துக்கிட்டிருந்த நேரத்துல, டெய்லரம்மா சாட்சியா, தம்பி அந்தரத்துல தொங்கிக்கிட்டிருந்தார். அவர் குற்றவாளி இல்லைங்கிறதை அந்தத் திருட்டுப் படமே ஊரெல்லாம் கத்திச் சொல்லிக்கிட்டிருக்கு. யோக்கியமானவங்க காதுல மட்டும் விழலை. குரல் விழுந்திருக்குன்னா எடுத்தது இந்தக் கட்டடத்துக்குள்ள. இசையமைப்பாளரும் விமர்சகரும் இங்கே குடியில்லை. அன்னைக்கு வந்த ஆளை டெய்லரம்மா பார்க்காம விட்டிருப்பாங்களா?"

"ஈ எறும்பு வரலை," என்றாள் ரேடியோ.

"என்னையா சொல்றீங்க?" செக்ரட்டரி சிரித்தார். "நான் லிங்கையே திறக்கலை. இந்தப் பக்கம் பாதிப் பேர் வீட்ல டிவி இருக்கு."

"இருக்கட்டும். ஒரு சின்னக் கேள்வி சார். லிஃப்டு நின்னுருச்சுன்னு யாராவது கத்தினா நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? மேல ரூம் சாவி இருக்கான்னு பார்ப்பேன். இதோ…"

பத்து வருஷப் பழக்கம். கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவிக்கொத்தை ஒரு உலுக்கு உலுக்கியது.

கிலுகிலு.

அந்தப் பஞ்சுச் சுவர் அறையில் அது மணி போலக் கேட்டது. விமர்சகர் "பிறப்பு…" என்று முணுமுணுத்து நிறுத்திக்கொண்டார். சர்வேயர் போனை இன்னொரு தடவை ஓட விட்டார். கூப்பாடு, கிலுகிலு.

"கை சாவிக்குப் போயிருச்சு. ஆனா காட்சி முடியட்டும்னு உட்கார்ந்துட்டீங்க," என்றார் சர்வேயர். "அப்புறம் வந்து, குளிச்சேன்னீங்க."

செக்ரட்டரியின் முகம் நனைந்த காகிதம் போலத் தொய்ந்தது. "உங்க படத்துல என் வீட்டுக் கதவு ரெண்டு இடத்துல வருதும்மா. வெளியூர்ல இருக்கிற என் பொண்ணு பார்க்கட்டும்னு ஒரு ஆசை. லிங்க் அனுப்பினா திறக்க மாட்டேங்குது. போனை டிவியில இணைச்சு, பொண்டாட்டி போன்ல எடுத்து அனுப்பினேன். மாப்பிள்ளை எவனுக்கோ அனுப்பி, அவன் எவனுக்கோ… சத்தியமா நான் காசுக்கு விக்கலை."

"நீங்க விக்கலை சார். நாங்க விக்கறதுக்கு இல்லாமப் பண்ணிட்டீங்க," என்றாள் மூன்றாவது மாடிப் பெண். "சரி, அது கதவு மேல இருந்த ஆசை. நாலு படி ஏறி வந்து என் தம்பியைத் திருடன்னு சொன்னீங்களே, அது எது மேல இருந்த ஆசை?"

செக்ரட்டரி சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

கம்பெனிக்காரர்கள் பேசியபோது, போனை வாங்கி அவரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர்கள் அவரை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, உள்ளாள் யாரும் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் என்றார்கள். போன இடத்திலிருந்தெல்லாம் படம் திரும்பி வராது. தம்பி சமையலறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தான். "சாப்பிட்டியாடா?" என்றாள் அக்கா. "இன்னும் தூக்கம் வருதுக்கா அந்த சீன்," என்றான் அவன்.

ரேடியோ நைசாக நழுவப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மூன்றாவது மாடிப் பெண். "உங்க குரல் அதுல இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ரேடியோ சர்வேயரைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பஞ்சைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பார்த்தேன்," என்றாள். "ஓசிதானேன்னு பார்த்தேன். ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை என் குரலுக்காக." பிறகு, கேட்காமலேயே, "படம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. இருந்தாலும் அழுதேன்," என்றாள்.

அந்தப் பெண் திட்டியிருந்தால் தேவலை. தலையை மட்டும் அசைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேடியோ மிஷினை மூடினாள். எப்படிக் காசு கட்டுவது என்று சர்வேயரிடம் கேட்டுக் கட்டினாள். அதை வழியில் பார்த்த யாரிடமும் சொல்லவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்தாள். படம் ஆடவில்லை. அந்தப் பெண் ஜன்னலோரம் வந்து நின்றாள். ரேடியோ தன்னையறியாமல் தன் குரலுக்காகக் காத்திருந்தாள், அது வரவில்லை. ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் மூச்சு விடுவது கேட்டது. இரண்டு தடவை பார்த்தும் கேட்காத மூச்சு அது.

வெளியே யாரோ லிஃப்டுக் கம்பியைத் தட்டினார்கள். "ஏய், லிஃப்டு மறுபடி நின்னுருச்சு! யார் உள்ள?"

யார் உள்ளே? நாலாவது மாடிக்காரியா? அவளோடு வேறு யாராவதா? ரேடியோவின் கால் தானாகத் தரையில் ஊன்றியது.

எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்து உட்கார்ந்தாள்.