தலாத்துவின் உள்முற்றம்

வீட்டின் கிழக்குச் சுவர் காலையிலேயே கரையத் தொடங்கிவிட்டது. செம்மண் ஓசையின்றி இறங்கி, சதுக்கத்தைக் கடந்து, கானோ நகரின் பழைய மதிலோரம் இருந்த குழியை நோக்கி ஊர்ந்தது. தலாத்து முற்றத்து நடுவில் உட்கார்ந்து, பெரிய பானைத் தயிரில் கம்பு உருண்டைகளைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“உம்மா, பிடிவாதம் பண்ணாதீங்க,” என்றான் மகன் கர்பா. “இன்னும் கொஞ்ச நேரத்துல நடுத்தெருவுல உக்காந்திருப்பீங்க.”

“நான் எங்கயும் போகலையே. தெருதானே வருது.”

ஒரு காலத்தில் குழியிலிருந்து மண்ணெடுத்து வீடு கட்டினார்கள். குடும்பங்கள் பெருகப் பெருக வீடுகள் வெளியைத் தின்றன. நிலாக் காலத்தில் குழந்தைகள் ஆடிய சதுக்கம் சந்தாகச் சுருங்கியது. அப்போதுதான் நடைமண் வந்தது. கரையானை விடச் சிறிய மண்ணுயிரிகள் அதைச் சுமந்தன. ஆள் கூடினால் சுவர் விரியும், குறைந்தால் பின்வாங்கி நிலத்தை ஊருக்குத் திருப்பித் தரும். யார் வீட்டார் என்று மண்ணுக்கு எப்படித் தெரியும்? விருந்தாளிக்கு முன்னறையில்தான் உணவு. பெண்கள் வாழும் உள்முற்றத்தில் வீட்டார் மட்டுமே உண்பார்கள். ஆகவே உள்முற்றத்தில் ஒரே பானையில் உண்பவர்களின் மூச்சை எண்ண மண்ணுக்குக் கற்பித்தார்கள். அது தவறியதே இல்லை.

மகள்கள் மணமாகிப் போனார்கள். மகனும் புதுநகரில் குடியேறினான். ஒருவர் மட்டும் உண்ணும் பானையை மண் வீடாக மதிப்பதில்லை.

வாசல் குடும்பத் தலைவரின் குரலுக்குத்தான் திறக்கும். கணவர் இருந்தவரை, வெளியே போக அவரிடம் கேட்டாள்; எங்கே, எப்போது திரும்புவாள் என்று விசாரித்து, இரவில் மட்டும் விடுவார். அவர் இறந்த பின் கேட்க ஆளில்லை; போகும் ஆசையும் மெல்ல அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

மதியத் தொழுகை முடிந்த நேரம் கடைசிச் சுவரும் விழுந்தது.

வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வேப்பமரங்கள், மினார், அதற்கப்பால் முடிவே இல்லாத வானம். மணப்பெண்ணாக இருட்டில் கடந்துவந்த சதுக்கத்தை அவள் பகலில் பார்த்ததே இல்லை. இத்தனை பெரியதா? இத்தனை காலமும் ஒரு சுவர் தடிப்புக்கு அப்பால் இதுவா இருந்தது? நெஞ்சு வலிக்கும் அளவுக்கு மூச்சு இழுத்தாள். ஆசை அடங்கியிருக்கவில்லை.

தொழுகை முடிந்து வந்த ஆண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். மண் அதிகாரி இல்யாசு தயங்கி அருகே வந்து, மூத்த பெண்களுக்கான மரியாதை விளியோடு பேசினார்.

“ஹஜியா, இது இனி ஊர் வெளி. மகனோட புறப்படுங்க.”

“சாரியாக்காரரா நீங்க? பேச்சிலயே தெரியுது. வெறும் வயித்தோடயா என் வீட்டை வாங்க வந்தீங்க?”

“கானோக்காரங்க கொடுத்தாத்தானே வயிறு நிறையும்,” என்று அவர் சிரித்தார்; இரண்டு ஊராரும் ஒருவரையொருவர் கேலி செய்வது பழைய வழக்கம்.

“அப்ப உக்காருங்க. கடைசிப் பானை. குடிச்சிட்டுத் துரத்துங்க.”

மறுப்பது மரியாதை இல்லை. சிரட்டை அகப்பை கை மாறியது. இல்யாசு குடித்தார், தொழுகைக்கு வந்தவர்கள் குடித்தார்கள், வழிப்போக்கர்களும் வந்து சேர்ந்தார்கள். தாய் கையிலிருந்து வாங்கக் கர்பாவும் குனிந்தான். சுவரில்லாததால், தாங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு பெண்ணின் உள்முற்றம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

குழியை நெருங்கிய மண் நின்றது. திரும்பியது.

சதுக்கத்தின் விளிம்பெங்கும் செம்மண் எழுந்தது. மரங்களுக்கும் மினாருக்கும் அப்பால், பெருமூச்சு போன்ற ஒலியுடன், தலாத்து கண்ட எந்தச் சுவரையும் விட உயரமாக வளர்ந்தது. சிலர் கைகளை வானுக்கு ஏந்தினார்கள்.

இல்யாசுவின் கைக்கருவி அதிர்ந்தது. அவர் அதைப் படித்தார். “என் வீட்டுல ஆள் குறைஞ்சிட்டதா கணக்கு. என் சுவர் கரையுது.”

“என்னோடதும்,” என்றான் கர்பா.

எல்லாரும் புதுச் சுவரின் மூடிய வாசலை நோக்கி ஓடினார்கள். இல்யாசு கட்டளையிட்டார், பிறகு கெஞ்சினார். மண் அசையவில்லை. அதற்குத் தெரிந்த தலைவர் ஒருவர்தான்: பானைக்கு உரியவர்.

அவர்கள் திரும்பி வந்து அவள் முன் நின்றார்கள். மகன்தான் வாய் திறந்தான்.

“உம்மா, நாங்க வெளியே போகலாமா?”

அந்தக் கேள்வியை அவள் நன்றாக அறிவாள். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் ஒருநாளும் இருந்ததில்லை. தன் முற்றத்தின் வானத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க போறீங்க?” என்று கேட்டாள். “எப்ப திரும்புவீங்க?”