ஈரத்தோலில் விழுந்த இலைகள்

கட்டில், பீரோ, பாத்திர மூட்டை எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, கடைசியாகத்தான் அவன் வண்டியிலிருந்து இறங்கினான். லாரி ஓட்டியே பழகிய உடம்பு. முதுகில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கெட் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம் என்பதற்காகத்தான் இந்தப் பழைய மாடி வீட்டைப் பிடித்தார்கள்.

பின்னறை ஜன்னலோரம் ஒரு மேஜை கிடந்தது. மேலே தடித்த பளிங்குக் கல்.

"அது அப்படியே இருக்கட்டும். நாலு பேர் சேர்ந்தாலும் அசையாது," என்றார் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர்.

மனைவி காலை ஏழுக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவாள். பத்தே நாளில், சுவரோடு பேசாத குறை அவனுக்கு. அப்போதுதான் போனில் யாரோ ஒருவர் தோலில் கொடியும் இலையுமாகச் செதுக்கி பெல்ட் செய்வதைப் பார்த்தான். தோல் பட்டை, கத்தி, மரச்சுத்தி, இலை அச்சுகள் எல்லாம் வரவழைத்தான்.

"டிரைவர் கையில ஸ்டியரிங் இல்லன்னா இப்படித்தான்," என்று அவள் சிரித்தாள்.

பெல்ட் அவளுக்கு என்பதை அவன் சொல்லவில்லை. அவளுடைய யூனிபார்ம் பேன்ட்டை வைத்து அளவெடுத்தான். முப்பத்திரண்டு அங்குலம்.

தோலை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு, கத்தியால் கோடு கீறி, அச்சை வைத்துத் தட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது நகம் பட்டால்கூடத் தடம் நின்றுவிடும். முதல் நாள் ஐந்து இலை போட்டான். இலையா, மிதிபட்ட கரப்பான்பூச்சியா என்று அவனுக்கே சந்தேகம். வெறுத்துப்போய்ச் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் படுத்தான்.

அரைத்தூக்கத்தில் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

கீழ்வீட்டில் ஏதோ வேலை நடக்கிறதென்று புரண்டு படுத்தான். எழுந்து பின்னறைக்குப் போனபோது, தோலில் எட்டு இலைகள் இருந்தன.

புதிய மூன்றிலும் நரம்பு நரம்பாகக் கோடுகள். ஓரங்கள் சுருண்டு, ஊதினால் அசைந்துவிடும் போலிருந்தன. பக்கத்தில் ஒரு கட்டைவிரல் தடம். அவன் தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான். தடம் இன்னும் அகலமாக இருந்தது.

கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தான். மனைவி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். ஆனால் அவள் வந்ததும் நேரே பின்னறைக்குள் போய்விட்டாள்.

"ஏங்க! இது நீங்களா செஞ்சீங்க?"

இத்தனை நாளும் அவனை நோயாளியாகப் பார்த்த கண்கள் அவை. இப்போது வேறு மாதிரி பார்த்தன.

"பின்ன? உனக்குத்தான்," என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அவன் மாட்டிக்கொண்டான். மறுநாளிலிருந்து மதியமானால் தோலை நனைத்துக் கல்மேல் வைப்பான். கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவான். உள்ளே சத்தம் தொடங்கும். கதவிடுக்கில் ஈரத்தோல் வாடையும், வேறு யாரோ ஒருவருடைய வேர்வை வாடையும் கசியும். எட்டிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வேண்டாமென்று நிறுத்தவும் மனம் வரவில்லை. மாலையில் அவள் இலைகளைத் தடவிப் பார்த்து, "கைவேலைனா இது கைவேலை," என்று சொல்வாளே, அதற்காகவே விட்டுவிட்டான்.

ஆறாம் நாள் வேலை முடிந்திருந்தது. பட்டையில் ஒரே ஒரு துளையும் போடப்பட்டிருந்தது. பக்கிள் முனையிலிருந்து துளைவரை டேப்பை வைத்து அளந்தான்.

இருபத்தாறு அங்குலம்.

அவளுக்குப் பற்றாத அளவு. அவனே இன்னும் மூன்று துளைகளைச் சரியான இடத்தில் போட்டு, பக்கிளை மாட்டிக் கொடுத்தான். மறுநாள் காலை அவள் அதைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போனாள்.

அன்று மதியம் பின்னறை அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவனுக்கு ஆகவில்லை. கீழே இறங்கி வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"மேஜை முன்னாடி யாரோடது சார்?"

அவர் தயங்கினார். "தோல் வேலை செய்யறவர் ஒருத்தர் குடியிருந்தார். சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வந்தா குடுக்கணும்னு அவங்க அளவுக்கு பெல்ட் செஞ்சுக்கிட்டே இருந்தார். அவங்க வரவே இல்ல. அந்தக் கல்லு மேலயே தலைய சாய்ச்சபடி போய்ச் சேர்ந்துட்டார்."

"அந்தம்மா ஒல்லியா இருப்பாங்களா?"

"ரொம்ப. காத்தடிச்சா பறந்துடுவாங்க. ஏன் கேக்கறீங்க?"

அவன் மெல்ல மாடியேறி வந்தான். மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அடிக்கும் மணி படிக்கட்டிலும் கேட்டது.

அரைநாளோடு கிளம்பி வந்திருந்த அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"கழட்டுங்க... வர்ற வழியில இறுகிடுச்சு... வரமாட்டேங்குது... மூச்சு..."

பக்கிளின் முள் அந்த இருபத்தாறு அங்குலத் துளையில் நின்றிருந்தது.

வயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. முதுகு விண்ணென்று தெறிக்க அவளை அணைத்து உள்ளே இழுத்து வந்தான். கத்தியை எடுத்து அறுத்தான். வழுக்கியது. காய்ந்து முறுகியிருக்க வேண்டிய பெல்ட், நனைத்து எடுத்ததுபோல் சொதசொதவென்றிருந்தது.

டக்.

பின்னறையிலிருந்து வரவில்லை. அவளுடைய இடுப்பிலிருந்து வந்தது.

டக்.

பெல்ட் இன்னும் கொஞ்சம் இறுகியது. அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது.

"நான் செய்யல," என்று அவன் கத்தினான். "இதுல ஒரு இலைகூட நான் செய்யல. எல்லாம் உங்க கைவேலை. ஆனா இவ உங்க சம்சாரம் இல்லய்யா. இவ என் பொண்டாட்டி. என்னை விட்டு எங்கயும் போகாதவ!"

சத்தம் நின்றது. கத்தி இறங்கியது. பெல்ட் இரண்டாகத் தரையில் விழ, அவள் குபீரென்று மூச்சை இழுத்தாள்.

பேச்சு வர அரைமணி ஆயிற்று. வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

அவன் ஒரு பையில் துணிகளை அடைத்தான். அன்றே அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரமே ஊரின் மறுகோடியில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்று கிடைத்தது.

அவள் இடுப்பைச் சுற்றி இலை இலையாகத் தடம் விழுந்திருந்தது. தோல் டாக்டர் அலர்ஜி என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் எல்லாம் மறைந்தன. முதுகுப் பக்கம் ஒரு இலை மட்டும் போகவில்லை. அவளுக்குக் கை எட்டாத இடம். அவன்தான் தினமும் பூசிவிடுவான். பூசப் பூச அவளுடைய கோபமும் கரைந்தது. அவனும் மறுபடி லாரி ஓட்டப் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். குளித்துவிட்டு வந்து அவள் குப்புறப் படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து களிம்பு மூடியைத் திருகினான்.

"ஏங்க," என்றாள் தூக்கக் கலக்கத்தில், "பூசினா போதாதா? எதுக்குத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?"

அவனுடைய ஒரு கையில் களிம்பு இருந்தது. மறு கையில் மூடி.

குளித்த ஈரம் காயாத அவள் முதுகில், அந்த ஒற்றை இலைக்குப் பக்கத்தில், இரண்டாவது இலையின் நரம்பு மெல்லக் குழிந்துகொண்டிருந்தது.