கண்ணாடிபோல் விழுந்த முதல் டம்ளர்

"என் கொழுந்தன்தான் கரியை மாத்திட்டான். இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றாள் அந்தப் பெண் பொறியாளர், துப்பறிவாளர் உட்காரும் முன்பே. அவரை அழைத்து வந்தது அவள் கணவர். தம்பியை வீட்டுக்குள் சேர்ப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பேட்டரிப் பட்டறையின் காரீயம் அவர்கள் கிணற்றில் இறங்கியிருந்தது. நிலக்கடலை ஓட்டைச் சுட்டுப் பதப்படுத்தி, காரீயத்தைப் பிடித்துவைக்கும் கரியாக்கி, அவள் ஒரு வடிகட்டி செய்தாள். சோதித்தபோதெல்லாம் வேலை செய்தது. தெருவே கூடி நின்ற காலையில், வடிந்த தண்ணீரிலும் காரீயம் இருப்பதாகச் சோதனை காட்டி, காலை வாரிவிட்டது. கொழுந்தன் தண்ணீர் கேன் விற்பவன். முந்தின மாலை அவன் மூட்டையோடு கொல்லைக்குள் போனதை அவள் பார்த்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் அவன் மானத்தைக் கப்பலேற்றினாள். அதன்பின் அவனிடம் யாரும் கேன் வாங்கவில்லை.

துப்பறிவாளர் கொல்லைக்குப் போனார். கூட வந்த அவருடைய அக்கா மகளை எல்லோரும் 'அவசரம்' என்றே கூப்பிடுவார்கள். வடிகாலில் கறுப்புத் தடத்தைக் கண்டதும், அடுப்புக்கரி சிந்தியிருக்கிறது, கேஸ் முடிந்தது என்று துள்ளினாள். அவரோ, அன்று முதல் டம்ளர் என்ன நிறம் என்று மட்டும் கேட்டார். கண்ணாடிபோல் விழுந்தது என்றாள் பொறியாளர் பெருமையாக. சொன்ன கையோடு பேச்சை மாற்றப் பார்த்தாள். அன்று காலை மழையில்லாமலே உறிஞ்சுகுழி நிரம்பி வழிந்ததைக் கணவர் நினைவுபடுத்தினார். வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் கரியை எடுத்துக்கொண்டு துப்பறிவாளர் கிளம்பிவிட்டார்.

மறுநாள் கொழுந்தனையும் வரவழைத்து எல்லோரையும் கொல்லையில் நிற்க வைத்தார்.

"புதுக் கரி எதுவானாலும் முதல்ல கறுப்புத் தண்ணிதான் விடும். மாத்தியிருந்தா அன்னைக்கு எல்லாரும் கறுப்பைத்தான் பார்த்திருப்பாங்க. அது முன்னாடியே கழுவின கரி. அந்தக் கறுப்புதான் வடிகால்ல கிடக்கு. அமிலத்துல ஊற வெச்சேன், காரீயமா கொட்டுச்சு. அடுப்புக்கரி இவ்வளவு பிடிக்காது. இது உங்க கரியேதான்மா."

"அப்ப கழுவினது யாரு?" என்றாள் அவசரம்.

"இங்க இருக்கறது கிணத்துக் குழாய் ஒண்ணுதான். குழி வழியற அளவுக்கு ராத்திரி முழுக்கத் திறந்திருக்கு. கரி ஏமாத்தல. விடியறதுக்குள்ள அதுக்குக் காரீயத்தாலேயே வயிறு நிறைஞ்சுடுச்சு."

பொறியாளருக்குத் தலை நிமிரவில்லை.

"கறுப்புத் தண்ணியைப் பார்த்தா சிரிப்பாங்கன்னு நான்தான் திறந்துவிட்டேன். அப்படியே தூங்கிட்டேன். தண்ணி தோத்தப்பவே காரணம் எனக்குத் தோணுச்சு. தோணியும் கொழுந்தன் மேல பழியைப் போட்டேன்."

"அப்ப அந்த மூட்டை?" என்றார் கணவர்.

கொழுந்தன் சுவரோரத்தைக் காட்டினான். பிரிக்காத மூட்டையிலிருந்து நிலக்கடலை ஓடுகள் எட்டிப் பார்த்தன. "ஓடு தீர்ந்துபோச்சுன்னு நீதானேண்ணா சொன்னே. அண்ணிக்காகத்தான் கொண்டுவந்தேன்."

அவள் கூனிக் குறுகிப் போனாள். மன்னிப்பு என்று வாயெடுத்தவளை அவன் தடுத்தான்.

"இங்க எதுக்கு அண்ணி? தெருவுலதானே சொன்னீங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவர் முகத்தைப் பார்க்க முடியாமல், "அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ நிற்பது தெரிந்தது. அவருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள்.