அக்கரையில் ஒரு பூட்ஸ்

1961 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குத் திருவெள்ளறையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கோயில் மதிலைத் தாண்டி, சோளக்கொல்லை ஓரமாக நடந்து, கடைசி ஓட்டு வீட்டின் வாசலில் நின்று குரல் கொடுத்தேன். ஒரு பழைய காக்கிச் சட்டைக்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

என் பெயர் வரது. வீடு ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதியில். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் படம் வரையும் வேலை. யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் மெடல், தொப்பி வில்லை, தண்ணீர்ப் புட்டி இவற்றைத் தேடிச் சேர்ப்பேன். யுத்தக் காட்சிகளை அளவு பிசகாமல் சிறிதாகச் செய்தும் வைப்பேன். ஆறடி ஆள் ஓர் அங்குலம், அதுதான் என் அளவு.

அந்த வருஷம் செய்துகொண்டிருந்தது பர்மாவில் ஓர் ஆற்றுப் பாலம். 1942-ல் எதிரி நெருங்கியபோது நம் படையே அதற்கு வெடி வைத்துவிட்டது. அக்கரையில் நின்றவர்கள் அப்படியே விடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் திருவெள்ளறை அழகிரி. இதைச் சொன்னவர் இக்கரைக்குத் தப்பி வந்த காத்தான் என்கிற பழைய சிப்பாய்.

கதவைத் திறந்தவள் அழகிரியின் மனைவி மயிலம்மாள். நாற்பது வயதிருக்கும். சாவுத் தந்தி வரவில்லை, உடம்பும் வரவில்லை. பத்தொன்பது வருஷமாகியும் நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு.

கடைசி லீவில் அவர் விட்டுப்போன சட்டையை வேப்பிலை போட்டுத் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். ஒரு போட்டோவும் இருந்தது. பாலத்தில் அவரையும் பொம்மையாக நிறுத்தப்போவதைச் சொல்லி, என் விலாசமும் எழுதிக் கொடுத்து, இரண்டையும் கேட்டேன்.

"சும்மாவே எடுத்துக்குங்க சாமி. ஆனா ஒண்ணு. அவரை எந்தக் கரையில வெப்பீங்க?"

நான் விழித்தேன். பாலத்தின் கதையைக் காத்தான் அவளிடமும் சொல்லியிருக்கிறார்.

"இந்தக் கரையில வெச்சிருங்க. பொம்மையா இருந்தாலும் சரி. ஆத்தைத் தாண்டிட்டாருன்னா வூட்டுக்கு வழி அவருக்குத் தெரியும்."

"அப்படியே வைக்கிறேம்மா" என்றேன்.

சொன்னதைச் செய்யவில்லை.

ஆளை ஈயத்தில் வார்த்தேன். அந்தச் சட்டையிலிருந்தே நூல் பிரித்து உடுத்தினேன். போட்டோவைப் பார்த்து முகம் தீட்டினேன். ஜூலை 20-ந் தேதி அக்கரையில் நிறுத்தினேன். ஆகஸ்டு பதினைந்தில் பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சி. உள்ளது உள்ளபடி இருக்கிறது என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. ஓர் அம்மாளின் ஆறுதலுக்காக நடந்ததை மாற்றினால் அது கொலுப்படி ஆகிவிடாதா?

பாலத்தின் மாதிரியை முடிப்பதற்காக மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன்.

"கூடத்துல பர்மாவையே கொண்டு வந்து வெச்சுட்டேள். அப்பளம் இட எனக்கு எடமில்லை" என்றாள் என் மனைவி வேதவதி.

பொம்மையை நிறுத்திய மறுநாள் உச்சிவேளை. வீதியில் ஆள் நடமாட்டமே இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தவன் மூக்கைச் சுளித்தேன். சேற்று வாடை. அதோடு, நனைந்து காயாத கெட்டித் துணியின் வாடை.

அழகிரி கரையை விட்டு இறங்கியிருந்தார்.

என் ஆறு, பச்சை வர்ணம் பூசிய கண்ணாடி. பதினெட்டு அங்குல அகலம். அதன் விளிம்பில் நின்றது பொம்மை. வேதவதி தூசி தட்டியபோது நகர்ந்திருக்கும் என்று நினைத்தேன். நகர்ந்த இடத்தில் பென்சிலால் தேதி போட்டேன். பழக்க தோஷம்.

22-ந் தேதி ஓர் அங்குலம் உள்ளே. 23-ந் தேதி இன்னோர் அங்குலம். நகர்வது உச்சிவேளையில் மட்டும். எதிரே உட்கார்ந்து காத்திருந்தால் நகரவில்லை. ஒரு முறை தண்ணீர் குடிக்கத் திரும்பினேன்.

அதற்குள் நகர்ந்திருந்தது.

தொட்டுப் பார்த்தேன். காக்கி நூல் ஈரமாக இருந்தது.

வேதவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏன்னா, உடம்பு கிடைக்காதவாளுக்கு என்ன பண்ணுவா? தர்ப்பையில ரூபம் பண்ணி, அதுக்குன்னா சம்ஸ்காரம் பண்ணுவா. நீங்க அந்த மனுஷனுக்கு ரூபம் பண்ணிட்டேள். அவர் வஸ்திரத்தையே உடுத்திட்டேள். அப்புறம் என்ன பண்ணினேள்? பாதி வழியில நிறுத்தி வேடிக்கை பார்க்கறேள்."

"பிதற்றாதே" என்றேன்.

ஜூலை 31-ந் தேதி பதினோராவது கோடு. ஆற்றில் பாதிக்கு மேல் வந்தாயிற்று. இன்னும் எட்டு அங்குலம். ஏறி வந்துவிட்டால்? இக்கரை நான் உட்காரும் பக்கம். மேசை அதோடு முடிகிறது; அப்புறம் இருப்பது என் நாற்காலி.

அன்று சாயங்காலம் பொம்மையைத் திரும்ப அக்கரைக்குக் கொண்டுபோனேன். கரையில் ஒரு பித்தளைத் தகட்டைப் பதித்து, அதன் மேல் வலது பூட்ஸை ஈயப் பற்று வைத்து ஒட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. வாடையும் இல்லை.

மூன்றாம் நாள் ஆடிப்பெருக்கு. ஊர் முழுக்க அம்மா மண்டபத்துப் படித்துறையில் இருந்தது. வேதவதியும் போயிருந்தாள். உச்சிவேளையில் வாசலில் நிழல் தட்டியது.

மயிலம்மாள். முகம் வீங்கியிருந்தது.

"சாமி, பத்துப் பதினோரு நாளா உச்சிப்பொழுதுல எனக்குப் பூட்ஸ் சத்தம் கேட்டுது. மொதல்ல ஏரிக்கு அந்தாண்ட. அப்புறம் மதகுகிட்ட. அப்புறம் சோளக்கொல்லையில. தெனம் கொஞ்சம் கிட்ட. நான் தலைவாரிப் பூ வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்." அவள் மூச்சு வாங்கினாள். "மூணு நாளாக் காணோம். என்ன பண்ணுனீங்க?"

அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். மேசையைப் பார்த்தாள்.

"அந்தக் கரையிலயா வெச்சிருக்கீங்க?"

அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை. இடுக்கியை எடுத்து அவசரமாகப் பொம்மையை நெம்பினேன்.

டக்.

கணுக்காலோடு முறிந்தது. அழகிரி என் கையில். வலது பூட்ஸ் அக்கரையில்.

"குடுங்க. நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள். முந்தானையில் முடிந்துகொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். முறிந்ததை அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்தப் பூட்ஸைப் பெயர்த்து அவளிடம் சேர்த்துவிடலாம் என்று சூட்டுக்கோலை வைத்தேன். பற்று உருகினால் போதும் என்று நினைத்தேன். ஒரு விநாடி கூடுதலாக வைத்துவிட்டேன். பூட்ஸும் சேர்ந்து உருகிற்று. பித்தளைத் தகட்டின் மேல் மிளகளவு ஈயப்பொட்டு மிஞ்சியது.

அன்று உச்சிவேளையில் வாடை திரும்பி வந்தது.

வாசற்படியிலிருந்து மேசை வரைக்கும் சிமெண்டுத் தரையில் ஈரத் தடங்கள். இரும்பு லாடம் அடித்த பூட்ஸின் தடங்கள். அளந்தேன். பத்தரை அங்குலம்.

எல்லாமே இடது கால்.

வேதவதி அன்றைக்கே பிறந்தகம் போனாள். "அந்த மேசையைக் கொள்ளிடத்துல போட்டுட்டு லெட்டர் போடுங்கோ" என்றாள். நான் மேசையைப் போடவில்லை. காலின் மிச்சம் இந்தத் தகட்டில்தான் இருக்கிறது. இதையும் ஆற்றில் விட்டால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

எட்டாந்தேதி வாசலில் விட்டிருந்த என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. வலது செருப்பு. நாய் கொண்டுபோயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

பதினோராந் தேதி மயிலம்மாள் வந்தாள். பட்டுக்கரைச் சேலை, தலை நிறைய மல்லிகை. சிரித்தாள்.

"வந்துட்டாரு சாமி."

"யாரு?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க?" என்றாள் வெட்கத்தோடு. "சோறு வெச்சா தொட மாட்டேங்குறாரு. உக்காரச் சொன்னா உக்கார மாட்டேங்குறாரு. கதவோரமா ஒத்தக் கால்லயே நிக்கிறாரு. பகல் பூரா எங்கியோ போயிட்டு, ஈரத்தோட வராரு."

மடியிலிருந்த துணிப்பையைப் பிரித்தாள். என் செருப்பு. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது உங்களுதுதானுங்களே? எங்க வாசப்படியில கெடந்துச்சு."

வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. அவள் அதை என் முன்னால் தரையில் வைத்தாள். நேராக, கால் நுழைக்கிற மாதிரி.

"செருப்பு மட்டும் பத்தாதாம், சாமி."

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.